தானே விழித்துக்கொண்ட கணிப்பொறி

எம் பள்ளியின் இரண்டாம் மாடியில், கணிப்பொறி அறையின் சுவரோரமாக ஒரு பழைய கணிப்பொறி நிற்கிறது. எல்லா வகுப்புகளுக்கும் உரிய பாடக்குறிப்புகளும் பயிற்சித் தாள்களும் அதற்குள்தான் உள்ளன. கீழ்த்தளத்து வகுப்பறைக் கணிப்பொறிகள் அதிலிருந்தே அவற்றை எடுத்துக் காட்டும். நாள்தோறும் காலையில் சிஸ்டர் 46 படிகள் ஏறிப் போய், அதை இயக்கி, தம் கடவுச்சொல்லைக் கொடுத்து, நோட்டில் குறித்து வைத்திருக்கும் ஒரு வரியைத் தட்டச்சு செய்துவிட்டு இறங்கி வருவார். அவருக்கு முழங்கால் வலி உண்டென்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நாங்கள் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

ஆகஸ்டு மாதத்தில் மருத்துவர் சிஸ்டரைப் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஆறாம் வகுப்புத் தங்கைகள் ஒரு பாடவேளை முழுவதும் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தனர். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சிஸ்டர்" என்று கணிப்பொறி மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் மூவரும் வாக்குக் கொடுத்தோம்.

அந்தக் கணிப்பொறியில் இருப்பது ஃபெடோரா லினக்ஸ். கோப்புகளைப் பிற கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது சாம்பா என்னும் மென்பொருள். (நெல்லை நினைக்க வேண்டாம்!) இதை முதலில் எழுதிய ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல், எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடி இப்பெயரைத் தேர்ந்தாராம். ஃபெடோராவில் எந்த மென்பொருள் எப்போது எழ வேண்டும் என்று பார்த்துக்கொள்வது சிஸ்டம்டி. 2011ஆம் ஆண்டிலிருந்து அங்கே அதன் ஆட்சிதான்.

முதல் நாள் நோட்டில் இருந்த வரியை அப்படியே தட்டினோம். கோப்புகள் வந்தன. வெற்றியைக் கொண்டாட ஆளுக்கொரு கடலை மிட்டாய்! மறுநாள் ஆயாம்மா பொத்தானை அமுக்கினார், ஒன்றும் வரவில்லை. சிஸ்டரின் வரியில் இருந்த சொல் 'ஸ்டார்ட்'. அது அன்றைக்கு மட்டும் எழுப்பும். ஒவ்வொரு முறை கணிப்பொறி தொடங்கும்போதும் எழ வேண்டுமானால் 'எனேபிள்' என்று ஒருமுறை சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்தோம்.

அதற்கப்புறந்தான் வேடிக்கை. காலையில் கீழே கோப்பு வரவில்லை என்பார்கள். நாங்கள் மூச்சிரைக்க ஓடிப்போய் உள்ளே நுழைந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்! இரண்டு நாள் தங்கைகளைச் சந்தேகப்பட்டோம். அது எங்கள் தவறு. அறைக்குச் சென்ற கேபிளைச் சென்ற ஆண்டு அணில் கடித்துவிட்டதால், அந்தக் கணிப்பொறிக்கு வைஃபை கொடுத்திருந்தார்கள். அந்த வைஃபையின் கடவுச்சொல் சிஸ்டரின் கணக்கில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தது. அவர் கணக்கைத் திறக்கும் வரையில் வலைத்தொடர்பே கிடையாது. சாம்பா விழித்திருந்தும் வாசல் சாத்தியிருந்தது. நாங்களும் சிஸ்டரின் கணக்கையே திறந்து பார்த்ததால், நாங்கள் போனவுடன் வாசலும் திறந்துவிட்டது.

கணிப்பொறி கடவுச்சொல் கேட்காமல் தானே உள்ளே போகும்படி செய்துவிடலாமே என்றாள் ஒரு தோழி. மதிப்பெண் பட்டியலும் அதிலேயே இருக்கிறது. அது மட்டும் வேண்டாம் என்றோம். சிஸ்டரின் அனுமதியோடு, வைஃபை இணைப்பை மட்டும் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக மாற்றினோம். கடைசியாக பயாஸில், மின்சாரம் போய் வந்தால் கணிப்பொறி தானே இயங்கும்படி ஓர் அமைப்பையும் மாற்றி வைத்தோம்.

திங்கட்கிழமை காலை காவலர் அண்ணன் மெயின் சுவிட்சைப் போட்டார். நாங்கள் மாடிக்குப் போகவில்லை. ஆறாம் வகுப்பிலேயே நின்று எண்ணிக்கொண்டிருந்தோம். இரண்டு நிமிடத்தில் பாடக்குறிப்புகள் திரையில் வந்து நின்றன. தங்கைகள் கைதட்டினார்கள்.

சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். நோட்டின் அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று கேட்டோம்.

"இருக்கட்டும் பிள்ளைகளே" என்று நோட்டை மூடி மேசைக்குள் வைத்துக்கொண்டார்.