அடுத்த வாரம் வரை

சென்னைத் தொலைக்காட்சியில் 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. நேயர்கள் எழுதிப்போட்ட கடிதங்களை வாசித்து, நிலையத்தார் பதில் சொல்வார்கள். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவதுதான். இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த நிகழ்ச்சிகளில் மேலானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். பார்க்கிறவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, அதைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டிய கடமை காட்டுகிறவருக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி அது.

அப்பா அதற்கு எழுதுவார். சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு எழுத்தர் வேலை. செவ்வாய்க்கிழமை நாடகம் முடிந்த கையோடு 15 காசு அஞ்சலட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதாராக வந்தவர் மயிலாப்பூர்த் தமிழ் பேசியதை ஒரு வாரம் எழுதுவார். இன்னொரு வாரம் 'வயலும் வாழ்வும்' பற்றி எழுதுவார். நாற்று விடச் சொல்லும்போது, கொள்ளிடத்துத் தண்ணீரும் வீராணத்துத் தண்ணீரும் கடைமடைக்கு வந்து சேரும் நாளையும் கணக்கில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். நிலம் என்று எங்களுக்கு ஒரு குழிகூட இல்லை. ஆனால் அவர் வளர்ந்தது காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்தில். தொலைக்காட்சியில் விவசாயம் பேசினால் அந்த வயல்கள் அவர் கண் முன்னால் வந்துவிடும். ஒருநாள் அவர் கடிதத்தை வாசித்தார்கள். "சிதம்பரத்திலிருந்து" என்று தொடங்கியதும் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. என்ன பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் அவருக்குக் கவனம்.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. சிதம்பரத்துக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இரும்புக் குழாயை உயர நட்டு ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்தாலும் பாதி நாள் படம் மணல் கொட்டியது போலத்தான் இருக்கும். எங்களிடம் இருந்தது மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை சாலிடர் பெட்டி. சில கோடை இரவுகளில் சென்னை மங்கிப்போய், கடல் தாண்டி இலங்கை ரூபவாஹினி பளிச்சென்று வந்து நிற்கும். கடலுக்கு மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும்போது, நேராகப் போய்விட வேண்டிய அலை வளைந்து நம் கரைக்கு வந்துவிடுகிறது என்று பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த அண்ணன் விளக்குவான். எனக்கு அந்த விளக்கத்தைவிட, அவர்கள் தமிழ்ச் செய்தி வாசிக்கும் விதம்தான் பெரிதாக இருந்தது. நம் தமிழ்தான், ஆனால் வேறு நடை. அதைக் கேட்பதற்காகவே ஆன்டெனாவைத் தெற்கே திருப்பி வைக்கச் சொல்லி அண்ணனைத் தொந்தரவு செய்வேன்.

அன்றைய நிகழ்ச்சிகள் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. நாடகத்தில் யாராவது கதவைச் சாத்தினால் சுவரே ஆடும். இரவு ஆனால் தேசிய ஒளிபரப்பு என்று இந்தி வந்துவிடும். பல வீடுகளில் அதோடு பெட்டியை மூடிவிடுவார்கள். ஆனால் அந்த ஒரே நிலையம், நாமாகத் தேடிப் போயிருக்கவே மாட்டோம் என்கிறவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது. ஞாயிறு மதியத்து மாநில மொழிப் படங்களைச் சொல்கிறேன். வங்காளம், மலையாளம், கன்னடம், ஒடியா என்று வரிசை வைத்து வரும். தமிழின் முறை எப்போதாவதுதான் வரும். வெயில் கொளுத்தும் நேரத்தில், சாப்பிட்ட களைப்பில், கீழே ஓடும் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்து வங்காளப் படங்கள் பார்த்தேன். சத்யஜித் ராயின் பெயர் எனக்கு அப்படித்தான் அறிமுகம். மேல வீதிச் சந்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது வேறு எந்த வழியில் கிடைத்திருக்கும்?

1987 ஜனவரியில் இராமாயணம் தொடங்கியது. 1965 ஜனவரி 27-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ராஜேந்திரன் உயிர்விட்ட ஊர் எங்கள் ஊர். பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்த ஊரில், ஞாயிறு காலை ஒன்பதரைக்கு இந்தியில் பேசும் இராமனைப் பார்க்க வீடு கொள்ளாமல் கூட்டம் வந்தது. இந்திப் பிராத்மிக் தேர்வு முடித்த பக்கத்து வீட்டு அக்கா உரக்க மொழிபெயர்ப்பாள். அவள் விட்டுவிட்ட இடங்களைக் கம்பராமாயணம் தெரிந்த பெரியவர் ஒருவர் நிரப்புவார். "இந்த எடத்துல கம்பன் இப்பிடி விடமாட்டான்" என்று அவர் ஆரம்பித்தால் அடுத்த ஞாயிறு வரைக்கும் பேச்சு ஓடும். மொழியைத் திணிப்பதை எதிர்ப்பதும் கதையைக் கேட்க உட்காருவதும் எங்களுக்கு ஒன்றோடொன்று மோதவில்லை. அப்பா அதைப் பற்றியும் ஓர் அட்டை போட்டார்: தமிழில் பேச வைத்துத் தாருங்கள் என்று.

1991-இல் கல்யாணமாகிக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்தேன். 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. தெருவில் கேபிள் இழுத்தார்கள். தமிழ் பேசும் தொலைக்காட்சி இந்தியில் போய் முடியாமல் இரவு வரைக்கும் தமிழாகவே இருந்தது என்பதில் எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். தொண்ணூறுகளின் அந்த ஐந்தாறு ஆண்டுகளைத்தான் நான் தமிழ்த் தொடர்களின் நல்ல காலம் என்பேன். தூர்தர்ஷன் கற்றுக்கொடுத்த வாராந்திர ஒழுங்கும் இருந்தது, புதிய சேனலின் துணிச்சலும் இருந்தது. கே. பாலசந்தரின் 'கையளவு மனசு' வந்தது. சாகப்போகும் ஒரு தாய் தன் பிள்ளைகளை ஒவ்வொரு வீடாகத் தேடி ஒப்படைக்கிற கதை. கீதா அதில் அழுததைவிட அழாமல் நின்ற இடங்கள்தான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கின்றன.

பிறகு 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கியது. அதில் 'விடாது கருப்பு' ஓடிய மாதங்களில் எங்கள் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. வெள்ளைக் குதிரையில் வந்து தண்டிப்பது கருப்பசாமியேதான் என்பது என் மாமியார் கட்சி. "சாமிக்கு எதுக்கும்மா குதிரைச் சத்தம்? மனுசன்தான் வந்துட்டுப் போறான்" என்பது எதிர்வீட்டு ஆசிரியர் கட்சி. அத்தை விடமாட்டார்கள். "நீங்க எந்த ஊருங்க? எங்க ஊர் எல்லையில நின்னு பாத்திருந்தா இப்பிடிப் பேச மாட்டீங்க" என்பார்கள். ரேஷன் கடை வரிசையில், கெடிலத்துப் பாலத்தில் நின்ற பேருந்துக்குள், திருப்பாப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தில், எங்கே பார்த்தாலும் அதே வழக்கு. தொடர் ஓடியது வாரத்துக்கு அரை மணி. ஆறு நாளும் இருபத்துமூன்றரை மணியும் அது எங்களிடம் இருந்தது. யார் கொலை செய்தது, எந்தப் பார்வைக்கு என்ன பொருள், தாத்தாவின் காலத்தில் என்ன நடந்தது என்று நாங்கள்தான் அந்த நாட்களில் கதையை நடத்தினோம். கதை சொல்கிறவர் வாயை மூடிக்கொண்டு கேட்கிறவரிடம் கதையை விட்டுவைக்கிற அந்த இடைவெளி. எனக்கு ஏக்கம் அதன் மேல்தான். நடிகர்கள் மேல் இல்லை, பழைய பாட்டின் மேல்கூட அவ்வளவு இல்லை.

அதே நாகா பிற்பாடு 'சிதம்பர ரகசியம்' எடுத்தார், நாடி சோதிடத்தை வைத்து. பிறந்த ஊர்ப் பெயரைத் திரையில் பார்த்த பெருமையில் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தேன். அது வந்தபோது ஊர் ஏற்கெனவே மாறியிருந்தது. மற்ற நாட்கள் எல்லாவற்றையும் தினத்தொடர்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

1999 கடைசியில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியதிலிருந்து அந்த மாற்றத்தைச் சொல்லலாம். தினத்தொடர் என்றாலே மட்டம் என்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. திருமுருகனின் 'மெட்டி ஒலி'யை நான் எங்கேயும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஐந்து பெண்களைப் பெற்ற, மனைவியை இழந்த அப்பா. டெல்லி குமார் நடித்தார். அந்தப் பாத்திரத்தின் பெயரும் சிதம்பரம். மாமியார் ராஜம்மாள் வாயைத் திறந்தால் என் அத்தைக்குக் கோபம் வரும். "இப்பிடியும் ஒரு பொம்பள இருப்பாளா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்து என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அந்தத் தொடர் ஓடிய 2002 முதல் 2005 வரையான காலத்தில் எங்கள் வீட்டில் சொல்லாமலே பல விஷயங்கள் சரியாயின. சீர்வரிசை பற்றி என்னிடம் அதுவரை வந்த குத்தல் பேச்சு நின்றுபோனது. 800 பகுதிகளுக்கு மேல் ஓடியும் அதற்கு ஒரு நேர்மை இருந்தது: வாடகை, நகைக்கடன், பஸ் கட்டணம் என்று அந்த வீட்டுக் கவலைகள் எங்கள் வீட்டுக் கவலைகளாகவே இருந்தன. 2020 ஊரடங்கில் அதை மறுபடி போட்டபோது அத்தை இல்லை. ராஜம்மாளைத் திட்ட நான் தனியாக இருந்தேன்.

ஆனால் வழி திறந்துவிட்டால் அதில் எல்லாமும் வரும். 'கோலங்கள்' ஆறு ஆண்டு ஓடியது, 1,500 பகுதிகளுக்கு மேல். தேவயானியின் அபி எனக்குப் பிடித்த பெண்தான். முதல் இரண்டு ஆண்டில் தன் காலில் நிற்கப் போராடிய அபி, பிறகு கதையை நீட்டுவதற்காகவே துன்பப்பட வைக்கப்பட்டாள். ஒரு பெண்ணின் துன்பத்தை அப்படிச் செலவழிப்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூரை அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் கிடந்த கிடை சொல்லி மாளாது. எங்கள் பக்கம் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது, கிராமங்களில் இன்னும் அதிகம். திரும்பிய அன்று இரவு அத்தை முதலில் கேட்டது, பார்த்துக்கொண்டிருந்த தொடரில் என்ன ஆயிற்று என்றுதான். போட்டோம். அதே கூடம், அதே சண்டை, அதே பெண் அதே படிக்கட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. "நாம ஒண்ணும் விட்டுடலம்மா" என்று அத்தை சொன்னார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றியது. அத்தனை நாள் பார்க்காமல் இருந்தும் விட்டுப்போனது எதுவுமில்லை என்றால், பார்த்த நாட்களில் நமக்குக் கிடைத்தது என்ன?

இதற்குக் காரணம் எழுத்தாளர்களின் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. தினமும் அரை மணி நேரத்தை நிரப்ப வேண்டும், அதில் விளம்பரம் போக இருபது நிமிடச் சொச்சம் கதை. போட்ட வீட்டு செட்டை விட்டு வெளியே போனால் செலவு. வியாழக்கிழமைதோறும் பார்க் அமைப்பின் டிஆர்பி கணக்கு வருகிறது. அது ஏறினால் கதையை நிறுத்த யாருக்கும் மனம் வராது, இறங்கினால் ஒரு கல்யாணமோ ஒரு விபத்தோ வந்தாக வேண்டும். ஒரு முகத்தை மூன்று முறை, இடி இசையோடு காட்டுவது நேரத்தை நிரப்பும் வழி. எனக்குத் தெரிந்த அந்தப் பழைய வாரத்தில் நேயரின் அபிப்பிராயம் அஞ்சலட்டையில் போனது. இன்று அது எண்ணாக மட்டும் போகிறது. எண்ணுக்கு மிராசுதாரின் தமிழ் தப்பு என்று சொல்லத் தெரியாது.

இப்போது வருவதிலும் நல்லது இருக்கிறது. 'கோலங்கள்' எடுத்த அதே திருச்செல்வம் 2022-இல் 'எதிர்நீச்சல்' தொடங்கினார். படித்த மருமகள்களைச் சமையலறைக்குள் பூட்டி வைக்கும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்ததைப் பார்த்துத் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் ஆண்கள் நெளிந்தார்களோ. 2023 செப்டம்பர் 8-இல் அவர் இறந்த செய்தி வந்தபோது, தெருவில் அத்தனை நாள் அந்தப் பாத்திரத்தைத் திட்டிய பெண்கள்தான் கண்கலங்கினார்கள்.

எனக்கு ஒரு நீண்ட நாள் ஆசை உண்டு. ஜெயகாந்தன் பிறந்தது இந்த மஞ்சக்குப்பத்தில், 1934-இல். அதற்கு முன் 1906-இல் புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாப்புலியூரில். ஒரே ஊரில் இப்படி இரண்டு பேர். ஆர்.கே. நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் 'மால்குடி டேஸ்' ஆக எடுத்தது போல, பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகள் 52-ஐ 'கதை நேரம்' என்று சன் டிவியில் தந்தது போல, இந்த இரண்டு பேரின் கதைகளையும் வாரம் ஒன்றாக யாராவது எடுக்க வேண்டும். அரை மணியில் முடிய வேண்டும். முடிந்த கதையைப் பற்றி ஒரு வாரம் சண்டை போட எங்களுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது.

போன வருடம் பெங்களூரிலிருந்து வந்த மகள் 'அயலி'யைப் போட்டுக் காட்டினாள். 2023-இல் ஜீ5-இல் வந்த எட்டுப் பகுதித் தொடர். பருவமடைந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுகிற ஊரில், அதை மறைத்துவிட்டுப் படிக்கப் போகிற தமிழ்ச்செல்வியின் கதை. ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம் என்றாள். நான் ஒப்பவில்லை. முதல் பகுதி முடிந்ததும், மிச்சம் வாரம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். அவள் ஊருக்குப் போனபின் செவ்வாய்க்கிழமைதோறும் ஏழரைக்குப் போட்டேன். கீழ்வீட்டு அக்கா வந்தார்கள், மூன்றாவது வாரம் அவர்களுடைய மருமகளும் வந்தாள். பெண்ணுக்குத் துணை நிற்கும் அந்த அம்மா குருவம்மாள் கடைசிவரை நிற்பாளா, ஊருக்குப் பயந்து விட்டுவிடுவாளா என்பதில் அக்காவுக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. "நிக்க மாட்டா, நான் எழுதித் தரேன்" என்றார்கள் அக்கா. "நீங்க நின்னிருக்க மாட்டீங்க அத்தை, அவ நிப்பா" என்றாள் மருமகள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை பாப்போம்" என்று எழுந்தார்கள்.