ஆற்றங்கரைக் குடிகள்

சைதாப்பேட்டையின் ஓரமாக அடையாறு ஓடுகிறது. கோடையில் அது மெலிந்து கிடக்கும். பெருமழையிலோ கரையை மறந்துவிடும். 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர, கரையோரக் குடிசைகள் வெள்ளத்தில் மூழ்கின. உயிர் காத்தல் அரசின் கடனன்றோ? பின்னர் அக்குடிகளுட் பலர் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளுக்கு மாற்றப்பட்டனர்.

வீடு உறுதியானதுதான். ஆயினும், வீட்டு வேலைக்கும் கூலிக்கும் சைதையையே நம்பியிருந்தோர் நாள்தோறும் அங்கிருந்து வந்து மீளுதல் எளிதோ?

இவ்வழக்கு புதிதன்று. பம்பாய் நடைபாதைக் குடிகளுக்காகத் தொடுக்கப்பட்ட ஓல்கா டெல்லிஸ் வழக்கில், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையுள் பிழைப்புரிமையும் அடங்கும் என 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிழைப்பைப் பறித்தபின் உயிர் எதைப் பற்றி நிற்கும்? ஆனால், பொதுவிடத்தில் குடியிருக்க எவர்க்கும் உரிமையுண்டு என்று அம்மன்றம் கூறிற்றில்லை. அகற்றலாம், அதற்குமுன் அறிவிப்புத் தந்து, அவர்தம் சொல்லையும் கேட்டல் வேண்டும் என்றது.

அக்கேட்டல் வெறுஞ் சடங்கன்று. வெள்ளம் எவ்வளவு ஏறும் என்பதை அரசின் பொறியாளர் அறிவார். விடியலில் எந்தப் பேருந்தைப் பிடித்தால் வேலை நிலைக்கும் என்பதை அக்குடிசைப் பெண்ணே அறிவாள்.