வண்டலூரில் பிறந்த வண்டி

மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்டாண்டர்ட் 20 பிக்கப் நிற்கிறது. தாத்தா மீன் ஏற்றிய வண்டி. காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார் அப்பா. நானும் மாமாவும் விடுவதாக இல்லை.

இது நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து வண்டி நண்பர்களே! வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் தொழிற்சாலை 1980களின் கடைசியில் உற்பத்தியை நிறுத்தியது. கடையில் உதிரிபாகம் கிடைப்பதில்லை. புஷ் வேண்டுமென்றால் செங்கல்பட்டு லேத் பட்டறையில் கடைந்து வாங்குகிறோம்.

பெரிய எதிரி உப்பு. கடல்காற்று ஒரு பக்கம், மீன் பெட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் இன்னொரு பக்கம். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதன்மேல் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் பளபளக்கும், ஆனால் உள்ளே அரிப்பு நிற்காது. அதனால் கெட்ட பாகத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வெல்டிங் வைக்கிறோம். நேரம் பிடிக்கிற வேலை.

தாத்தாவுக்கு வயது 81. ஒரே ஒருமுறை இதில் கோவளம் வரை போய் வரணுமாம். எங்கள் அவசரம் அதுதான்...