62 என்பது வருடம் அல்ல



போன மாதம் நான் ஒரு தப்பு செய்தேன். அதில் உங்களில் ஒருவனுடைய பணம் கொஞ்சம் போனது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது சர்ச் கொயரிலும் இன்னிசைக் கச்சேரிகளிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். அது போதும்.

ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஆறு போட்டோ அனுப்பினான். "சார், குளச்சல் பக்கம் ஒரு வீட்டுல கெடக்கு. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், 1962 மாடல், அமெரிக்கா. புரோக்கர் நாலரை லட்சம் சொல்லுகான். அசலா சார்?"

என்னிடம் ஏன் கேட்டான் என்பது பழைய மாணவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட ஆர்மோனியத்துக்குத் துருத்தி ஒட்டியதும் ஆண்டு விழா மைக்குக்கு ஈயம் பற்ற வைத்ததும் நான்தான். சின்ன வயதில் பேஸ் வாசித்தவனும்கூட.

அப்படி வாசித்த காலத்தில் ஏமாந்தவனும் நானே. 1981-இல், வேலை கிடைத்த புதிதில், ஹோஃப்னர் என்று தலையில் எழுதியிருந்த ஒரு வயலின் வடிவ பேஸை 1,100 ரூபாய்க்கு வாங்கினேன். ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். பால் மெக்கார்ட்னி வாசிப்பது போன்றதே என்று விற்றவர் சொன்னார். அந்த டிசம்பரில் கேரல் ரவுண்டு போனபோது மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது வீட்டு வாசலில் நின்று பாடும்போது "ஹோஃப்னர்" பாதி உரிந்து என் விரலில் ஒட்டியிருந்தது. கடைப்பிசினால் ஒட்டிய காகிதம். இந்த அனுபவம் உள்ளவன் எவ்வளவு உஷாராக இருந்திருக்க வேண்டும்!

ஆனால் போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் புத்தி மயங்கிவிட்டது. மஞ்சளிலிருந்து கருப்புக்கு இறங்கும் நிறம், ஆமை ஓடு மாதிரி தகடு, துருப்பிடித்த திருகுகள், பெட்டிக்குள் கிடந்த ஒரு காகிதத்தில் 62 என்ற எண். பின்பக்கத் தகட்டில் ஐந்து இலக்கம் தெரிந்தது. 1962 வாக்கில் வந்தவற்றிலும் தகட்டில் அப்படி ஐந்து இலக்கம் உண்டு என்று எனக்குத் தெரியும். "நூத்துக்கு எண்பது அசல்தான் மக்கா" என்று எழுதிவிட்டேன். மறுநாளே அவன் புரோக்கரிடம் 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். "சார் சொல்லியாச்சுல்லா" என்றான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்னப் பாடம். லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் பார்த்த மனுஷன். 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அதுவரை ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸில் விரலை எங்கே வைப்பது என்பது காதுக்கும் பழக்கத்துக்கும் உட்பட்டது. இவர் கழுத்தில் ஃப்ரெட் போட்டதால் சுரம் துல்லியமாக விழுந்தது. அதனால்தான் அந்தப் பெயர். 1965-இல் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. அதற்கு முன்னால் செய்தவற்றைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். 62 என்றால் அவர்களுக்குக் கை நடுங்கும். போலி செய்கிறவர்களுக்கும் அந்த வருடம் பிடிக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைக்கில் போனோம். கையில் ஸ்க்ரூ டிரைவர், பூதக்கண்ணாடி, டார்ச், கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு அக்கா, எழுபது வயதுக்குள் இருக்கும், தனியாக இருக்கிறார். வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர், இறந்து மூன்று வருடம். பேத்தி நர்சிங் படிக்கிறாள், பீஸ் கட்ட வேண்டும். புரோக்கர் அன்றைக்கு வரவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

கட்டிலில் பெட்ஷீட் விரித்துக் கிட்டாரைக் கிடத்தினோம். அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் கம்பிகளைத் தளர்த்தினேன்.

முதலில் துரு. போட்டோவில் என்னை ஏமாற்றியது அதுதான். கடற்கரையில் ஐந்து வருட சைக்கிளைப் பாருங்கள், இருபது வருடம் ஓடியது போல இருக்கும். உப்புக்காற்று எதையும் சீக்கிரம் கிழவனாக்கிவிடும். துரு பிடித்த இடத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. இது தெரிந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் நான் துருவைப் பார்த்து வயது கணக்குப் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது பூச்சு. ஃபெண்டர் அந்தக் காலத்தில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தார்கள். மெல்லியது, வருடம் போகப் போக மஞ்சளிக்கும், பொடிப்பொடியாக வெடிக்கும், ஊதா விளக்கில் மங்கலான பச்சை மஞ்சளாக ஒளிரும். கதவைச் சாத்தி விளக்கைப் போட்டேன். ஒளிரவில்லை. விளிம்பில் அடிபட்ட இடத்தில் பூச்சு கண்ணாடிச் சில்லு போலக் கனமாகப் பெயர்ந்திருந்தது. பிற்கால பிளாஸ்டிக் பூச்சு அப்படித்தான் பெயரும். ஆனாலும் யாராவது இடையில் மறுபடி பெயின்ட் அடித்திருக்கலாமே. எனவே இது மட்டும் சாட்சி ஆகாது.

மூன்றாவது, முன்தகட்டின் அடியில் இருக்கும் வால்யூம் கண்ட்ரோல். அமெரிக்க கண்ட்ரோல்களின் முதுகில் ஒரு எண் இருக்கும். உதாரணமாக 137 6620 என்றால், 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 66 வருடம், 20 அந்த வருடத்தின் வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் கம்பெனி. கண்ட்ரோல் செய்த தேதிக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது, பின்னால் பிறந்திருக்கலாம். சட்டைப்பையில் 1990-ஆம் வருடத்து நாணயம் இருந்தால் அந்தச் சட்டையை 1985-இல் கழற்றி மாட்டினார்கள் என்று சொல்ல முடியாது அல்லவா? அதே கணக்கு. டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்படி எந்த எண்ணும் இல்லை. கண்ட்ரோல் பழுதானால் மாற்றுவதும் உண்டு. இதையும் பாதி சாட்சி என்றே வைத்தேன்.

கடைசியாகக் கழுத்துக்குப் பின்னால் உள்ள தகடு. ஐந்து இலக்கத்துக்கு முன்னால் துரு அடை போல மூடியிருந்தது. அக்காவிடம் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் பழைய டூத்பிரஷ்ஷும் கேட்டு வாங்கினேன். தேய்க்கும்போது நம்ம தேரூர்க் கவிமணியை நினைத்துக்கொண்டேன். அவரும் ஆசிரியராக இருந்தவர்தான், ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டு படித்தவர். நமக்குக் கிடைத்தது இரண்டங்குலத் தகடு. பத்து நிமிடத்தில் ஓர் எழுத்து தெரிந்தது. ஜே. அடுத்தது, வி.

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு உடம்பு வியர்த்தது.

ஜே.வி. என்றால் என்ன? எழுபதுகளில் ஜப்பான்காரர்கள் அமெரிக்கக் கிட்டார்களைப் பார்த்து அப்படியே செய்து விற்றார்கள். போகப் போக அந்த நகல்கள் நன்றாக இருக்க, அமெரிக்க சரக்கு தரம் இறங்க, ஃபெண்டர் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. அவர்களையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1982-இல் ஃபெண்டர் ஜப்பான் என்று தொடங்கியது. மத்சுமோத்தோ நகரத்து ஃபுஜிஜென் ஆலையில் பழைய மாடல்களை மறுபடி செய்தார்கள். 1982 முதல் 84 வரை வந்தவற்றின் எண் ஜே.வி. என்று தொடங்கும். மாடலின் பெயர் பி.பி. 62. அதாவது 1962-இன் பிரிசிஷன் பேஸ் மாதிரியில் செய்தது. பெட்டிக்குள் கிடந்த காகிதத்தை விரித்துப் பார்த்தால் 62-க்கு முன்னால் அந்த இரண்டு எழுத்தும் இருந்தன. புரோக்கர் 62-ஐ வருடமாகப் படித்திருக்கிறார். நானும் அப்படியே படித்தேன்.

மறுபதிப்பு என்று நாம் புத்தகத்தில் சொல்வோமே, அது. மறுபதிப்பு போலி ஆகாது. அது தன்னை மறுபதிப்பு என்று எழுதிக்கொண்டுதான் வருகிறது. படிக்காதது நம் குற்றம்.

முற்றத்தில் வந்து நின்றோம். அவன் மெதுவாகச் சொன்னான்: "சார், அக்காட்ட இது டூப்ளிகேட்னு சொன்னா இருபதாயிரத்துக்கு முடிஞ்சிரும். அட்வான்சும் கழிஞ்சிரும்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. அவன் பணம் மிஞ்சும், என் தப்பும் மறையும். ஆனால் ஜே.வி. எழுத்துள்ளவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், நல்ல விலை உண்டு. அது அவனுக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தேன். ஐந்தாம் வகுப்பிலிருந்தே அவனுக்கு அது என்னவென்று தெரியும். "சரி சார், நீங்களே சொல்லுங்க" என்றான்.

உள்ளே போய் அக்காவிடம் முழுவதையும் சொன்னேன். அமெரிக்கா அல்ல, ஜப்பான். 62 அல்ல, எண்பதுகளின் தொடக்கம். நாலரை லட்சம் பெறாது. ஆனாலும் லேசான பொருள் அல்ல, ஒரு லட்சத்துக்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாரே, ஜப்பான்னு நான் மொதல்லயே சொன்னம்லா? அவிய கோபேல கப்பல் நிக்கும்போ வாங்குனது. மூத்தவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த வருசம், 83. அந்தப் புரோக்கர்ட்டயும் சொன்னேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்கன்னான்."

பிறகு அலமாரியைத் திறந்து ஒரு ஆல்பத்தை எடுத்தார். ஞானஸ்நான விருந்து. ஓலைப்பந்தல், குழந்தையோடு அக்கா, பக்கத்தில் இதே கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஒல்லியாக அந்த அண்ணன். போட்டோவுக்குப் பின்னால் பேனாவால் 1983.

ஊதா விளக்கும் பூதக்கண்ணாடியும் கொண்டு போய் ஒன்றரை மணி நேரம் நான் தேடியது அந்த அலமாரியில் இருந்தது. வாசலில் நின்றே "அக்கா, இது எப்படி வந்தது?" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பழகியவன், கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை.

பெரிய ஆட்கள் எப்படிச் செய்தார்கள் என்பதையும் சொல்கிறேன். மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய அந்த முதல் ஹோஃப்னர் பேஸ் 1972-இல் லண்டனில் திருட்டுப் போனது. ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து, இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து அது திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. ஹோஃப்னர் கம்பெனியே பார்த்து அசல் என்று உறுதி செய்தது. ஆனால் அதைத் தேடியவர்கள் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? ஊர் உலகத்திடம், யாருக்காவது ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டதுதான்.

நம் கதை இப்படி முடிந்தது. 1,20,000 என்று பேசி இரண்டு தவணையாகக் கொடுத்து அவனே வாங்கினான். முதல் தவணை பேத்தியின் பீஸுக்குப் போயிற்று. புரோக்கர் போனில் என்னைக் கண்டபடி பேசினார், நாலு நாள் இழுத்தடித்து 15,000 திருப்பிக் கொடுத்தார். மீதி 5,000 போனது போனதுதான். அதை நான் தருகிறேன் என்றேன், அவன் வாங்க மறுத்தான். அதனால் ஒரு நல்ல செட் கம்பியும் தோல்வாரும் வாங்கிக் கொடுத்தேன். பழைய தோல்வாரை அக்கா வைத்துக்கொண்டார். அந்த போட்டோவின் பிரதி ஒன்று இப்போது கிட்டார் பெட்டிக்குள் இருக்கிறது, பின்பக்கக் குறிப்போடு.

உங்கள் வீட்டிலும் பரணில் ஒரு ஆர்மோனியமோ, வயலினோ, பேண்ட் வாத்தியமோ கிடக்கலாம். விற்கப் போகிறேன் என்று துடைத்து மெருகேற்றாதீர்கள், பழைய பாகத்தைக் கழற்றி எறியாதீர்கள், கூடக் கிடக்கும் காகிதத்தைக் கிழிக்காதீர்கள். அதற்கெல்லாம் முன்னால் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் அது எப்படி வந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே.

போட்டோ அனுப்பி "அசலா சார்?" என்று கேட்கிறவர்களுக்கு இனி நூற்றுக்கு எண்பது என்று மார்க் போட மாட்டேன். நேரில் வருகிறேன், டீ மட்டும் போட்டுத் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அஞ்சாம் கிளாஸ் சார்