பெருநாள் சுத்தம் ஷஃபானிலேயே

பெருநாளுக்காக வீட்டை ஒழிக்கும் பெரும்பணியை ரமளானின் கடைசிப் பத்திலிருந்து ஷஃபானுக்கு மாற்றிக்கொண்டோம். லைலத்துல் கத்ரைத் தேட வேண்டிய இரவுகளில் வீட்டுப் பெண்கள் மட்டும் இடுப்பு வலியோடு சுருண்டு கிடப்பது என்ன நியாயம்?

நாளுக்கு ஓர் அறை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் போதும். முதலில் பரண், பிறகு ஒட்டடை, மின்விசிறி, அலமாரி, இறுதியில் தரை. மின்விசிறியின் இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி உருவினால் தூசு கட்டிலில் கொட்டாது. பரண் ஏறுவது ஆண்கள் பொறுப்பு. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் ஈடுபட்டதை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்க, இதில் கூச்சம் எதற்கு?

ஓராண்டாக உடுத்தாத நல்ல துணிகளைத் துவைத்து மடித்து, தேவையுடையோருக்கு நோன்புக்கு முன்பே கொடுத்துவிட்டோம். கிழிந்தவை தரை துடைக்கத்தான், தர்மத்துக்கு அல்ல.

கடைசிப் பத்துக்கு எஞ்சியது அன்றாடம் பெருக்குவது மட்டுமே.