முகமும் வில்லையும்

மனிதன் தன் முகத்தைத் தானே நேரிற் காண இயலாதவன். கண்ணாடி காட்டுவது இடம் வலமாக மாறிய முகம். நீர்நிலை காட்டுவது நிலையற்ற முகம். பிறர் தன்னை எவ்வாறு காண்கின்றனர் என்பதை ஒருவனுக்கு நிலைநிறுத்திக் காட்டுவது உருவப்படமேயாகும். திருக்குறளிற் குறிப்பறிதல் என்னும் பெயரில் பொருட்பாலில் ஓரதிகாரமும் காமத்துப்பாலில் ஓரதிகாரமும் அமைந்திருத்தல், முகத்தைப் படித்தறியும் திறனுக்குத் தமிழ் மரபு அளித்த இடத்தை உணர்த்தும். ஆயினும், தமிழர் இல்லங்கள் பலவற்றின் சுவர்களில் மாலையுடன் தொங்கும் படங்களை உற்றுநோக்கின், அவை அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்டனவாகவோ, திருமண வீட்டிற் பலரோடு நின்று எடுத்த படத்திலிருந்து வெட்டிப் பெருப்பிக்கப்பட்டனவாகவோ இருத்தலைக் காணலாம். எழுபது ஆண்டு வாழ்ந்த ஒருவருக்கு, அவரை அவராகவே நோக்கி எடுத்த படம் ஒன்றேனும் இல்லாது போதல் சிறிய இழப்பன்று.

இவ்விழப்பை ஈடுசெய்ய விரும்பும் மாணவர் ஒருவர் கொச்சிக்கடையில் வாழ்கின்றார் எனக் கொள்வோர், அவர்முன் முதலில் எழும் வினா பணம் பற்றியது என்பதை உணர்வர். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினாற் கமராவும் பிலிமும் இந்நாட்டிற் கிடைத்தற்கரியனவாயின. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. கடைக்கண்ணாடியின் பின்னே இருக்கும் கருவியின் விலை மாணவரின் கைக்கு எட்டாது போவது, ஆகவே, இன்று தோன்றிய இடர்ப்பாடன்று. சிறிய தொகையை எதிற் செலவிடுவது, எதிற் செலவிடாது விடுவது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுமுன் இந்நாட்டின் உருவப்பட வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் பயன் தரும். கோல்புறூக் – கமறன் சீர்திருத்தம் எனும் தொடரை அறியாத மாணவர் இலர். அக்கமறனின் துணைவியார் யூலியா மார்கறற் கமறன், 1863ஆம் ஆண்டின் இறுதியில், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் அளித்த கமராவைக் கொண்டு ஒளிப்படக் கலையைத் தாமே கற்றார். அவரது படங்கள் துலக்கமற்றவை எனத் துறைவல்லோர் பழித்தனர். ஆயின், முகத்தை அண்மித்து நின்று, பக்கவொளியில், நீண்டநேரம் ஒளியூட்டி அவர் எடுத்த உருவப்படங்களே இன்று அக்காலத்தின் தலைசிறந்தனவாகப் போற்றப்படுகின்றன. 1875இல் இலங்கைக்கு வந்த அவர் 1879இல் மலைநாட்டிற் காலமானார். பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கு அவர் எடுத்தனவாக எஞ்சியுள்ள படங்கள் மிகச் சிலவே. அவற்றில் இந்நாட்டு உழைப்பாளரின் முகங்கள் உள. அவர்தம் பெயர்கள் இல. இங்கிலாந்தில் அவர் படமெடுத்த புலவரும் அறிஞரும் பெயருடன் நிற்க, களுத்துறையில் அவர்முன் நின்றோர் 'குடியானவர்' என்னும் பொதுச்சொல்லுள் அடங்கினர்.

பெயரின்மையாகிய இக்குறை அவரோடு ஒழியவில்லை. ஸ்கீன், ஸ்கோவன், பிளேற் முதலிய கொழும்பு நிலையங்கள் விற்ற படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் தமிழர் பலர் உளர். 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலிகள்' என்பனவே அவர்க்கு இடப்பட்ட தலைப்புகள். அக்கருவிகள் விலையுயர்ந்தவை, அவற்றின் வில்லைகளும் குறையற்றவை. ஒரு மனிதரை ஒரு மனிதராகக் காட்டுவதற்கு அவை மட்டும் போதவில்லை.

இதற்கு மாறான நோக்கும் இம்மண்ணிலிருந்தே எழுந்தது. கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய தாய்மாமனின் மகனே ஆனந்த குமாரசுவாமி. பொஸ்ரன் நுண்கலைக் காட்சியகத்திற் பணியாற்றிய அவர், அல்பிரட் ஸ்ரிக்லிற்ஸ் எடுத்த 27 ஒளிப்படங்களை 1924இல் அக்காட்சியகம் ஏற்கச் செய்தார். ஒளிப்படத்தை ஓவியத்தோடும் சிற்பத்தோடும் ஒருங்கு வைத்தெண்ணுதல் அரிதாயிருந்த காலம் அது. கொழும்பில் லயனல் வென்ற் (1900 – 1944) கையடக்கமான லைக்காக் கமராவைக் கொண்டு சாதாரண மக்களின் உடலையும் முகத்தையும் கலைப்பொருளாக்கினார். கருவி சிறிதாயிருத்தல் குறையன்று என்பதற்கு அவர் பணியே சான்று.

இனிக் கருவிக்கு வருவோம் எனின், உருவப்படத்தில் முதலாவதாக முடிவு செய்ய வேண்டியது கமராவின் பெயரன்று. எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையேயுள்ள தூரம். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் உண்டு. கமரா மூக்கிலிருந்து அரை மீற்றரில் இருப்பின், மூக்கு காதைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 24 பங்கு மிகைப்பட்டுத் தோன்றும். இரண்டு மீற்றருக்குப் பின்வாங்கின் அம்மிகை நூற்றுக்கு 6 ஆகக் குறையும். கைத்தொலைபேசியை நீட்டி எடுத்த படத்தில் மூக்குப் பருத்தும் காது ஒடுங்கியும் தோன்றுதற்குக் காரணம் அதன் வில்லை மட்டமானது என்பதன்று; அது மிக அண்மையில் நின்றமையே. முகத்தின் அமைப்பை மாற்றுவது வில்லையன்று, தூரமே. நிற்கவேண்டிய தூரத்தில் நின்றவாறு முகத்தாற் படத்தை நிரப்புவதற்கு உதவுவது மட்டுமே வில்லையின் பணி. ஆதலின் வில்லையைத் தெரிதல் என்பது தூரத்தைத் தெரிதலாகும்.

உருவப்படத்துக்கு 85 முதல் 135 மில்லிமீற்றர் வரை குவியத் தூரமுள்ள வில்லைகள் சிறந்தன என நூல்கள் கூறும். அவை 36க்கு 24 மில்லிமீற்றர் அளவான முழுச் சட்டகத்தைக் கருதிக் கூறியவை. அத்தகைய கமராவிலே தலையும் தோளும் அடங்க எடுப்பதற்கு 135 மில்லிமீற்றர் வில்லையுடன் ஏறத்தாழ 2.4 மீற்றர் விலக வேண்டும்; 85 உடன் 1.5 மீற்றர் போதும். கொச்சிக்கடையின் ஒழுங்கைகளிலும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளிலும் முன்னறை பெரும்பாலும் மூன்று மீற்றருக்கு மேற்படுவதில்லை. எடுப்பவர் நிற்கவும், அமர்ந்திருப்பவருக்கும் பின்சுவருக்கும் இடைவெளி விடவும் இடம் வேண்டும். நூல் புகழும் நீண்ட வில்லை அவ்வீட்டிற் பெட்டியிலேயே கிடக்கும்.

சிறிய உணரி கொண்ட கமரா இவ்விடத்திற் கைகொடுக்கின்றது. நிக்கோன் சிற்றுணரிக் கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லை, முழுச் சட்டகத்தின் 75 மில்லிமீற்றருக்கும், கனன் சிற்றுணரிக் கமராவில் 80 மில்லிமீற்றருக்கும் ஒப்பாகும். ஏறத்தாழ 1.3 மீற்றரில் தலையும் தோளும், 2.2 மீற்றரில் இடைவரையும் அதில் அடங்கும். இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் தூரமும் அதுவே. 50 மில்லிமீற்றர் எஃப்/1.8 வில்லை, கம்பனிகள் செய்யும் வில்லைகளுள் மிக மலிவானவற்றுள் ஒன்று என்பது மாணவரின் நற்பேறு.

எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவது; எண் சிறுக ஒளி பெருகும். வியன்னாவில் யோசப் பெற்ஸ்வால் 1840இல் உருவப்படத்துக்கெனக் கணித்தமைத்த வில்லையின் எண் 3.6, அதற்குமுன் நிமிடக் கணக்கில் அசையாது அமர வேண்டியிருந்தோர் அதனால் விடுதலை பெற்றனர். இன்று கமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18 – 55 ஸூம் வில்லை அதன் நீண்ட முனையில் எஃப்/5.6 அளவே திறக்கும். எஃப்/1.8 வில்லை அதனினும் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகின்றது. யன்னல் ஒன்றே உள்ள அறையில் படம் தெளிவதும் கலங்குவதும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளன. எஃப்/1.2 வில்லையோ எஃப்/1.8 இனும் இரண்டேகால் மடங்கு ஒளியையே கூடுதலாகத் தரும், விலையோ பன்மடங்கு. அச்செலவு மாணவருக்கு வேண்டாதது.

திறந்த துவாரத்துக்கும் எல்லை உண்டு. சிற்றுணரிக் கமராவில் 1.3 மீற்றரில் எஃப்/1.8 வைத்தால் துலக்கமான ஆழம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் மட்டுமே. ஒரு கண் துலங்க மறுகண் மங்கும். எஃப்/4 வைப்பின் அது ஏறத்தாழ 11 சென்ரிமீற்றராகி முகம் முழுவதையும் தழுவும். ஒளி போதுமாயின் எஃப்/2.8க்கும் எஃப்/4க்கும் இடையில் நிற்றலே முறை. பின்புறம் மங்குதல் அழகுதான். முகமே மங்குதல் அழகன்று.

கமரா உடலைப் பொறுத்தவரை, முன்னோர் கையாண்டது போதும். ஆடியில்லாக் கமராக்களின் வருகையால் ஆடியுள்ள டிஜிற்றல் கமராக்கள் மலிந்து கைமாறுகின்றன. பத்தாண்டு பழையதும் பெரிய அச்சுக்குப் போதிய நுண்மை உடையது. வாங்குமுன் வில்லையும் உடலும் ஒன்றுக்கொன்று இசையுமா எனச் சோதித்தல் வேண்டும். நிக்கோன் டீ3000, டீ5000 வரிசை உடல்களிற் குவிப்பு மோட்டர் இல்லை. பழைய 50 மில்லிமீற்றர் எஃப்/1.8 டீ வில்லை அவற்றிற் பொருந்தும். ஆயின் தானாகக் குவியாது. அவற்றுக்கு மோட்டர் கொண்ட ஜீ வகை வேண்டும். கனன் ஈஎஃப் வில்லைகளில் மோட்டர் வில்லையினுள்ளேயே இருத்தலால் இவ்விடர் இல்லை. ஆடியில்லாக் கமரா வாய்க்கப்பெற்றவர், சோவியத் நாட்டில் செய்யப்பட்ட ஹீலியோஸ் 44 என்னும் 58 மில்லிமீற்றர் எஃப்/2 வில்லையை இணைப்பு வளையத்தின் துணையுடன் பொருத்திக் கையாற் குவித்துக்கொள்ளலாம்.

கடலோரத்தில் வாழ்பவர் அறியவேண்டிய பகை பூஞ்சணம். துறைமுகக் காற்றின் ஈரத்தில், தோலுறையுள் மூடிக்கிடந்த வில்லையின் உட்பரப்பிற் சிலந்திவலை போன்ற இழைகள் படரும். அவை கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பழைய வில்லையை வாங்குபவர் அதன் துவாரத்தை முழுதுந் திறந்து, ஒருபுறம் டோர்ச் ஒளி பாய்ச்சி, மறுபுறத்தாற் பார்த்தல் வேண்டும். இழை தெரியின் விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிடுதல் நன்று. வாங்கிய பின், காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியொன்றிற் சிலிக்கா ஜெல் இட்டு வைத்தால், விலையுயர்ந்த உலர் அலுமாரி செய்யும் வேலையை அது பெரும்பாலும் செய்யும்.

எஞ்சிய ஒளியைப் பகலவன் இலவசமாகத் தருகின்றான். நண்பகலில் தலைக்கு நேரே நிற்கும் அவன் ஒளி கண்குழிகளை இருளாக்கும். ஆகவே வாசற்படிக்கு ஓரடி உள்ளே ஒருவரை அமர்த்தல் போதும். நிழற்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியோ ரெஜிபோம் தட்டோ பிடிப்பின், பிளாஷ் வேண்டியதில்லை. நிறம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கொடாக் நிறுவனம் நிறச் சீர்மைக்கென 1950களிலிருந்து அச்சகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகமே. கமராவின் ஒளிமானி முகத்தை அறியாது. காட்சியின் சராசரியையே அறியும். வெள்ளைச் சுவரின் முன் கருமுகம் மேலும் கறுத்துப் போகும்; அங்கே கூட்டல் குறியை நோக்கி ஒருபடி ஏற்றுதல் வேண்டும். கருங்கற் சுவரின் முன் அதே முகம் வெளிறிப்போகும்; அங்கே குறைத்தல் வேண்டும். முகத்தைப் பூசிமெழுகி வெளுப்பாக்குதல் ஸ்ரூடியோக்களின் நெடுநாள் வழக்கம். உள்ள நிறத்தை உள்ளவாறு காட்டுதல் அதனினும் எளிது, செலவும் அற்றது.

இந்நாட்டில் தேசிய அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்படுகின்றது. போர்க்காலத்திற் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த தமிழர், அவ்வட்டையிலுள்ள சிறு படத்தையும் தம் முகத்தையும் ஒப்புநோக்கும் கண்களின் முன் எத்தனையோ முறை நின்றனர். ஐயத்தோடு நோக்கப்படுவதற்கென எடுத்த படம் அது. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களிலும் நடந்த தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய வேளைகளில் வீட்டார் அவசரமாகத் தேடுவது ஒரு முகப்படத்தையே. கையில் அகப்படுவது எதுவோ அதுவே அஞ்சலிப் பதாகையிலும் பத்திரிகையிலும் இறுதி முகமாகின்றது.

செவ்வாய்தோறும் மதவேறுபாடின்றி மக்கள் திரளும் அவ்வாலயத்தின் வாயிலில் மெழுகுதிரி விற்பவரும், துறைமுகத்தை அடுத்து மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளரும், கோயில் வீதியிற் பூக்கட்டுபவரும் தெருவிற் பலராற் பார்க்கப்படுபவர், ஒருவராலும் நோக்கப்படாதவர். கைமாறிய ஓர் உடல், 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்று, வெள்ளைத் துணி, ஒன்றரை மீற்றர் தூரம் என்பன அவர்களை நோக்குதற்குப் போதும். ஆயின், அவரது இசைவைக் கேட்டல் வேண்டும். பெயரையும் கேட்டறிதல் வேண்டும். கமராவில் மிச்சம்பிடித்த பணத்தில் ஒரு பகுதியை அச்சுக்கென ஒதுக்கிவைத்தலும் வேண்டும். அச்சிட்ட படத்தின் பின்புறத்திற் பெயரும் ஊரும் நாளும் எழுதப்பட்டு, அதன் முதற்படி அம்முகத்துக்கு உரியவரின் கையிற் சேர்ந்த பின்னரே அவ்வுருவப்படம் எடுத்து முடிந்ததாகும்.