விடை சரியா என்று வாய்க்காலைக் கேள்

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி ஒரு மாலை நோட்டை என் முன்னால் நீட்டினாள். கணக்கு எளிதுதான். வாய்க்காலில் 4 அடி தண்ணீர் ஓடுகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 4/3. மேலிருந்து நேர்கீழே பார்த்தால் தரை எத்தனை அடி ஆழத்தில் தெரியும்? அவள் எழுதியிருந்த விடை 5.33 அடி. வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருந்தாள். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை.

“ஏத்தா, இத்தனை வருஷமா ஆத்துல இறங்குறியே, தண்ணி என்னைக்காவது இருக்குறதவிட ஆழமாத் தெரிஞ்சிருக்கா?” என்று கேட்டேன்.

அவள் குச்சனூர்ப் பிள்ளை. சுரபி நதிக்கரையில் வளர்ந்தவள். கொஞ்ச நேரம் யோசித்தாள். “இல்ல டீச்சர். முழங்கால் தண்ணி மாதிரித் தெரியும். இறங்கினா இடுப்புக்கு வந்துரும்.” சொல்லி முடித்ததும் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, 5.33ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதினாள். நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. விடை அவள் காலுக்கு முன்பே தெரிந்திருந்தது. நோட்டுக்குத்தான் தெரியாமல் இருந்தது.

பிள்ளைகளுக்கு இயற்பியல் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில் நான் கற்றது இந்த ஒன்றைத்தான். கணக்குப் போடுவது விடை வந்ததோடு முடிவதில்லை. அந்த விடையைக் கொண்டுபோய் உலகத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போதுதான் முடிகிறது.

தேர்வில் இதற்கு நேரம் இருக்கிறதா என்று கேட்பார்கள். நம் மேல்நிலைத் தேர்வில் இயற்பியல் தாள் 70 மதிப்பெண், 3 மணி நேரம். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒவ்வொரு கேள்வி கட்டாயம். 24ஆம் கேள்வியும் 33ஆம் கேள்வியும் என்று பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். பெரும்பாலும் அவை கணக்குகளே. புக் பேக் கணக்குகளை எண்ணோடு மனப்பாடம் செய்தவர்கள், எண் மாறி வந்தால் அங்கே நின்றுவிடுகிறார்கள். கேள்வியில் V இருக்கிறது, R இருக்கிறது, இரண்டும் வரும் சூத்திரம் எது என்று தேடுகிறார்கள். அந்தத் தேடலில் போகிற நேரத்தோடு ஒப்பிட்டால், விடையைச் சரிபார்க்கும் அரை நிமிடம் பெரிதல்ல.

அந்தத் தேடல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மின்சாரக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கி, சுழலிகளைச் சுற்றிவிட்டு, அதன் பிறகுதான் நம் வயல்களுக்கு வருகிறது. அப்படியொரு மின்நிலையத்திலிருந்து 20 லட்சம் வாட் திறனை 10,000 வோல்ட்டில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கம்பியின் மின்தடை 40 ஓம். வழியில் வெப்பமாக வீணாவது எவ்வளவு?

V வர்க்கத்தை Rஆல் வகுத்து 25 லட்சம் வாட் என்று எழுதி வருபவர்கள் உண்டு. அனுப்பியதே 20 லட்சம் வாட். வழியில் 25 லட்சம் எப்படித் தொலையும்? மூட்டையில் இருந்ததைவிடச் சிந்தியது அதிகம் என்பதுபோல் இருக்கிறது. இதைக் கேட்டதுமே பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு படம் வரைவோம். மின்நிலையம், நீண்ட கம்பி, கடைசியில் ஊர். 10,000 வோல்ட் என்பது கம்பியும் ஊரும் சேர்ந்து பகிர்ந்துகொள்வது. கம்பியின் இரு முனைகளுக்கு இடையில் மட்டும் உள்ளது அல்ல. மின்னோட்டம் 200 ஆம்பியர். கம்பியில் மட்டும் இறங்குவது 200 × 40, அதாவது 8,000 வோல்ட். வீணாகும் திறன் 16 லட்சம் வாட். நூற்றுக்கு 80 பங்கு!

இப்போது அதே திறனை 1 லட்சம் வோல்ட்டில் அனுப்பிப் பாருங்கள். மின்னோட்டம் 20 ஆம்பியராகக் குறைகிறது. வீணாவது 16,000 வாட் மட்டும். நூற்றுக்கு 1 பங்குகூட இல்லை. மின்னழுத்தம் 10 மடங்கு ஏறினால் இழப்பு 100 மடங்கு குறைகிறது. தோப்புகளுக்கு மேலே போகும் உயரமான கோபுரங்களும், ஊருக்குள் மின்னழுத்தத்தை இறக்கித் தரும் டிரான்ஸ்பார்மரும் இந்த மூன்று வரிக் கணக்குக்காகத்தான் நிற்கின்றன.

ஒளியியலில் பிள்ளைகளை அதிகம் கவிழ்ப்பது அலகு. குவியத்தூரம் 50 செ.மீ. கொண்ட குவிலென்ஸின் திறன் என்ன என்றால், 1ஐ 50ஆல் வகுத்து 0.02 டையாப்டர் என்று எழுதிவிடுவார்கள். “உங்க அப்பத்தா கண்ணாடிச் சீட்டை எடுத்துட்டு வா” என்பேன். அதில் +1.5, +2, +2.25 என்றுதான் இருக்கும். கால் கால் புள்ளியாக ஏறும் சீட்டில் 0.02 எங்கே வரும்? செ.மீ.யை மீட்டராக்கினால் 0.5, விடை +2 டையாப்டர். அப்பத்தாவின் கண்ணாடியே விடைத்தாள் திருத்திவிட்டது.

கிர்க்காஃப் விதிக்கு நான் கூட்டிப்போவது மடைக்கு. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில், வந்த தண்ணீர் எவ்வளவோ பிரிந்து போவதும் அவ்வளவே. சந்திப்பில் சேரும் மின்னோட்டமும் அப்படித்தான். கிர்க்காஃப் தம் விதிகளை 1845இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 21. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவர். இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இந்த விதிகளை வைத்துப் போடும் கணக்கில் விடை −0.5 ஆம்பியர் என்று வந்தால் பயந்துபோய்க் கழித்தல் குறியை அழித்துவிடுவது வழக்கம். அழிக்காதீர்கள். நாம் வரைந்த அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் மின்னோட்டம் ஓடுகிறது என்று அந்தக் குறி சொல்கிறது. அளவு சரி, திசையைத்தான் நாம் மாற்றி நினைத்துவிட்டோம்.

முதலில் சொன்ன கணக்குக்கே திரும்புகிறேன். தரையிலிருந்து வரும் ஒளி தண்ணீரை விட்டுக் காற்றுக்குள் வரும்போது செங்குத்துக் கோட்டை விட்டு விலகி வளைகிறது. கண்ணுக்கு வளைவு தெரியாது. அது நேர்கோட்டிலேயே பின்னோக்கிப் பார்ப்பதால், தரை மேலே எழும்பியதுபோல் தோன்றுகிறது. கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் எழும்பித் தெரியும். ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர்ச் சனீஸ்வரரைக் கும்பிட வரும் வெளியூர்க் கூட்டம் சுரபி நதியில்தான் குளிக்கிறது. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு, முழங்கால் என்று கண் சொன்ன இடம் இடுப்பளவு என்பது வெறும் இரண்டு மதிப்பெண் விஷயமா?

அதனால் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. வீட்டுப்பாடம் கொடுக்கும்போது புத்தகத்தில் உள்ள எண்ணை எடுத்துவிட்டு, உங்கள் ஊர் வாய்க்காலின் ஆழத்தைப் போட்டுக் கொடுங்கள். தேர்வெழுதப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். முதலில் படம், பிறகு அலகு, கடைசியாகத்தான் சூத்திரம். விடைக்குக் கீழே கோடு போடுமுன், இது நம் ஊரில் நடக்குமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.